"சரி" என்று சொல்வதற்கு முன்

'ஸ்குவிட்' என்று ஒரு புரோக்சி மென்பொருள். 1996 முதல் இலவசம். பல அலுவலகங்களில் நாம் கேட்கும் இணையப் பக்கம் அதன் வழியாகத்தான் வந்து சேரும். யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். இன்னொருவர் படித்துப் பார்த்து "சரி" சொன்னால்தான் உள்ளே சேரும்.

அந்த "சரி"க்கு என்ன பொருள்? படித்தேன் என்பதா, அனுப்பியவர் நல்லவர் என்பதா? "பாவம், சும்மா உழைக்கிறாரு, எதுக்குக் குடையணும்"னு விட்டுவிடுவது கருணை போலத் தெரியும். எனக்கு அது பொய்ச் சாட்சியாகவே படுகிறது. வந்த தகவலின் நீளத்தைச் சரிபார்க்காத ஒரே ஒரு வரி போதும், வெளியாள் எவனோ புரோக்சியை முடக்கிவிடலாம். பாதிக்கப்படுகிறவர் அந்த வரியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் 2021-இல் ஒருவர் ஸ்குவிட்டைத் தோண்டி 55 பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடித்தார். 2023-இல் அவற்றை வெளியிட்டபோது 35 இன்னும் திருத்தப்படவில்லை. சோம்பல் இல்லை, ஆள் பற்றாக்குறை. "பொறுப்பில்லாதவங்க"ன்னு திட்டுவது சுலபம்தான். திட்டுகிற நாம் அதற்கு ஒரு வெள்ளி கொடுத்திருப்போமா? கணினி படிக்கும் தம்பி, தங்கைகள் ஒரு திருத்தத்தையாவது உட்கார்ந்து படித்ததுண்டா? முழுதும் புரியாவிட்டால், "பாதிதான் பார்த்தேன், இந்த இடம் விளங்கவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். அடுத்துப் படிப்பவர் அங்கிருந்து தொடங்குவார்.