விலை ஏறியதால் விட்டது விரதமாகுமா?

பொருளை நாம் விடுவதும் உண்டு. பொருள் நம்மை விட்டு நீங்குவதும் உண்டு. புறத்தே நின்று பார்ப்போர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கையில் அப்பொருள் இல்லை என்னும் அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும் ஜினநெறி இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. முன்னது தியாகம்; பின்னது இழப்பு. முன்னதில் மனம் இலேசாகிறது, பின்னதில் கனக்கிறது. இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு இக்காலத்து இல்லறத்தார்க்கு ஒரு சிறிய செய்தியே போதுமானதாக அமைந்துள்ளது. அது தொலைக்காட்சிக்கு மாதந்தோறும் நாம் செலுத்தும் கட்டணமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மகன் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தேன். இணையத்தின் வழியே நேரடித் தொலைக்காட்சி வழங்கும் நிறுவனம் ஒன்றின் சந்தாதாரன் அவன். கட்டணத்தை உயர்த்தியிருப்பதாக ஒருநாள் அந்நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. அதைப் படித்த மகன், "இந்த மாதத்தோடு இதை நிறுத்திவிடப் போகிறேன், அப்பா. நமது போகோபபோக பரிமாண விரதத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். எனினும் உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

கட்டணம் வளர்ந்த வரலாறு

அமெரிக்க நாட்டில் கேபிள் தொலைக்காட்சிக்குக் கட்டணம் மிகுதி. அச்சுமையிலிருந்து விடுவிப்பவையாகவே இணையவழிச் சேவைகள் தோன்றின. 2015-இல் ஸ்லிங் டிவி மாதம் 20 டாலருக்கு வந்தது. 2017-இல் யூடியூப் டிவி 35 டாலருக்கும், ஹுலுவின் நேரடிச் சேவை ஏறத்தாழ 40 டாலருக்கும் வந்தன. ஒப்பந்தம் இல்லை, வேண்டும்போது சேரலாம், வேண்டாதபோது நிறுத்தலாம் என்றனர். மக்களும் கேபிளை விட்டு இவற்றை நாடினர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? யூடியூப் டிவியின் கட்டணம் 2018-இல் 40 டாலர், 2019-இல் 50, 2020-இல் 65, 2023-இல் 73, 2025-இன் தொடக்கத்தில் 83 என ஏறியது. எட்டே ஆண்டுகளில் இரு மடங்கைக் கடந்துவிட்டது. ஹுலுவின் நேரடிச் சேவையோ 2025 அக்டோபரில் 90 டாலரை எட்டியது. எதனின்று தப்பி வந்தனரோ, அதன் வாயிலுக்கே மீண்டும் வந்து சேர்ந்தனர்.

இதற்குக் காரணம் மறைபொருளன்று. இச்சேவைகள், தாம் காட்டும் அலைவரிசைகளின் உரிமையாளர்களுக்குச் சந்தாதாரர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் செலுத்துகின்றன. அவ்வுரிமையாளர்களோ விளையாட்டுப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமைக்காகப் பெருஞ்செல்வத்தைக் கொட்டுகின்றனர். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2021-இல் செய்துகொண்ட பதினோராண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு ஏறத்தாழ 11,000 கோடி டாலர். கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2024-இல் செய்துகொண்ட பதினோராண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு ஏறத்தாழ 7,600 கோடி டாலர். இத்தொகை இறுதியில் இல்லந்தோறும் பங்கிடப்படுகிறது. விளையாட்டையே பாராதவரும் அதில் ஒரு பங்கைச் செலுத்துகின்றனர். விலை பற்றிய பூசல் முற்றும்போது திரை இருண்டுவிடுவதும் உண்டு. 2025 அக்டோபர் இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை, இரு வார காலம், டிஸ்னி நிறுவனத்தின் அலைவரிசைகள் யூடியூப் டிவியில் தெரியாமற் போயின.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. ஐ.பி.எல். கிரிக்கெட்டின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 2022-இல் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2023-இல் இணையத்தில் அதனை இலவசமாகவே காட்டினர். 2025-இல் சிறிது நேரம் காட்டிய பின் சந்தா கேட்டனர். இடைப்பட்ட காலத்தில் வளர்ந்தது ஆட்டமன்று, நம் பழக்கமே.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நூலைப் பத்தாண்டு கழித்தும் படிக்கலாம். நேரடி ஒளிபரப்போ காலையில் சூடி மாலையில் எறியும் பூமாலையை ஒத்தது. நாளைக்கு அதற்கு மதிப்பில்லை. "இப்பொழுதே காண வேண்டும்" என்னும் வேட்கைக்கே அவ்வளவு விலையும். ஒருமுறை நுகர்ந்து தீர்வதைப் போகம் என்றும், மீண்டும் மீண்டும் நுகரப்படுவதை உபபோகம் என்றும் நம் ஆசாரியர்கள் பிரித்தனர். நேரடிக் காட்சி போகத்தினும் போகம். அதைக் காட்டும் பெட்டி உபபோகம். பெட்டியின் விலை குறைந்துகொண்டே வர, காட்சியின் விலை ஏறிக்கொண்டே போவது இக்காலத்தின் விந்தை.

விரதத்தின் இலக்கணம்

இனி மகனின் கேள்விக்கு வருவோம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் விரதத்திற்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளார். நமக்குத் தகுதியான, நம்மால் நுகரக்கூடிய ஒன்றிலிருந்து எண்ணித் துணிந்து விலகுதலே விரதம் என்பது அதன் கருத்து. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பைப் பயின்றோர்க்கு இக்கருத்து புதிதன்று. எட்டாத கனியை உண்ணாதிருப்பவன் விரதியாகான். கனி கையிலிருக்க, பசியும் இருக்க, "இன்று வேண்டா" என்று தானே அளவு வகுப்பவனே விரதி.

இவ்விலக்கணத்தை வைத்துப் பார்த்தால், என் மகன் விட்டதை விரதம் என்று கூற இயலாது. அடுத்த மாதமே கட்டணத்தைக் குறைத்திருந்தால் அவன் மீண்டும் சேர்ந்திருப்பான். விலை குறைந்தால் திரும்பி வரும் துறவு, துறவன்று, பேரம். அங்கே அளவை வகுத்தவன் அவன் அல்லன், சந்தை.

நிறுத்திய பின் அவ்வில்லத்தில் நிகழ்ந்தவை இதனை மேலும் தெளிவாக்கின. ஆட்டம் நடக்கும் நாள்களில் அவன் உணவு உண்ணும்போதும் கைப்பேசியை எடுத்து எடுத்துப் புள்ளி நிலவரத்தைப் பார்த்தான். முன்பு மூன்று மணி நேரத்தில் முடிந்த ஆட்டம், இப்போது நாள் முழுதும் அவன் மனத்தில் ஓடியது. போகோபபோக பரிமாண விரதத்தின் அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்கள், ஐந்தனுள் நுகர்ந்ததை மீண்டும் மீண்டும் நினைத்தலும், இனி நுகரப்போவதற்கு ஏங்குதலும் இடம்பெறுவது ஏன் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

மற்றொன்றும் நிகழ்ந்தது. கட்டணமின்றியே எல்லாப் போட்டிகளையும் காட்டும் கள்ள வழி ஒன்றை நண்பர் ஒருவர் அவனுக்குக் கூறினார். "எல்லோரும் செய்வதுதானே" என்பது அவர் வாதம். தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்தின் குற்றங்களைக் கூறுமிடத்து, பிறர் திருடிக் கொணர்ந்ததைப் பெற்றுக்கொள்வதையும் ஒரு குற்றமாகவே வைக்கிறது. திருடியவன் வேறு ஒருவன், நான் பார்த்தவன் மட்டுமே என்னும் சமாதானத்திற்கு அங்கே இடமில்லை. நல்வேளையாக மகன் அவ்வழி செல்லவில்லை. ஆனால் விலை உயர்வு ஒருவனைத் துறவின் பக்கம் தள்ளுவதைவிடக் களவின் பக்கம் தள்ளுவதே எளிது என்பதை இதனால் அறிந்தேன்.

எல்லாவற்றினும் என்னை வருத்தியது வேறொன்று. மருமகளின் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார். எல்லோரும் பணிக்குச் சென்றபின் அந்நீண்ட பகற்பொழுதில் அவருக்குத் துணை, செய்திகளும் இயற்கைக் காட்சிகளும் காட்டிய அந்தத் திரையே. அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. இருண்ட திரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவன் தன் அளவை வகுத்துக்கொண்டதாக எண்ணினான். உண்மையில் அவன் சுருக்கியது பிறருடைய அளவையே. விரதம் என்பது தன் ஆன்மாவின்மேல் தானே இட்டுக்கொள்ளும் வரம்பு. அதனைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டுப் புண்ணியத்தை மட்டும் நாம் கொள்ளுதல் முறையன்று.

மதிப்பை எதனால் அளப்பது?

அவ்வாறாயின் எவ்வளவு விலையேறினும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா எனின், அதுவுமன்று. கொடுக்கும் பணத்தைக்கொண்டு மட்டும் மதிப்பை அளக்கும் வழக்கமே இங்குப் பிழை. 83 டாலர் மிகுதி என்று முறையிடுகின்ற நாம், மாதம் 60 மணி நேரம் அதன்முன் கழிந்தால் அது மிகுதி என்று முறையிடுவதில்லை. பணம் போனால் ஈட்டலாம். மனிதப் பிறவியின் ஆயுளில் கழிந்த நாழிகையை எந்த நிறுவனமும் திருப்பித் தருவதில்லை.

அந்நாழிகையில் நம்முள் எழும் கஷாயங்களும் கணக்கில் வர வேண்டியவை. பயனின்றிப் பாவம் ஈட்டும் செயல்களை விலக்கும் அனர்த்த தண்ட விரதத்தை விளக்கும் அமிர்தசந்திர ஆசாரியார், புருஷார்த்த சித்தியுபாயத்தில், வேட்டை, போர், களவு முதலியவற்றோடு வெற்றி தோல்வி பற்றிய சிந்தனையையும் விலக்கத்தக்க தீய தியானமாகக் கூறுகிறார். விளையாட்டு ஒளிபரப்பே இல்லாத காலத்தில் எழுந்த நூல் அது! நாம் ஆடாத ஆட்டத்தில், நாம் அறியாத ஒருவன் தோற்க வேண்டும் என்று நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து விரும்புகிறோமே, அவ்விருப்பத்தால் நமக்கு ஆகும் பயன் என்ன? நூறு அலைவரிசைகளை ஒரே கட்டாக வாங்குகையில், குருதி சிந்தும் குத்துச்சண்டைக்கும் நம் பணத்தில் ஒரு பங்கு சேர்கிறது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரோடு உடன்படுதல் என்னும் மூன்றனுள் இது எதிற் சேரும் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நன்மைப் பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. புயல் வரும் நாளில் உடனுக்குடன் வரும் செய்தி உயிர் காக்கிறது. 2018-இல் சிரவணபெளகுளத்தில் நடைபெற்ற மகாமஸ்தகாபிஷேகத்தை, விந்தியகிரியின் படிகளை ஏற இயலாத முதியோர் பலர் இல்லத்திலிருந்தே கண்டு கைகூப்பினர். ஆகவே திரை தன்னளவில் பாவமும் அன்று, புண்ணியமும் அன்று. அதன்முன் அமர்பவனின் பரிணாமமே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

நிமித்தம்

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். விலை உயர்வு விரதமாகாது, சரி. விரதத்திற்கு ஒரு நிமித்தமேனும் ஆகாதா? ஆகும். அதற்குச் சான்று ஆதிபகவனின் வரலாற்றிலேயே உள்ளது. விருஷபதேவரின் அவையில் நீலாஞ்சனை என்னும் தேவமகள் ஆடிக்கொண்டிருக்கையிலேயே அவள் ஆயுள் முடிந்தது. ஆட்டத்தின் சுவை குன்றாதிருக்க இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறொருத்தியை அங்கே நிறுத்தினான். அவையினர் யாதும் அறிந்திலர். ஆட்டத்தைச் சுவைத்துக்கொண்டே இருந்தனர். பகவான் ஒருவரே இடையில் நேர்ந்த முறிவைக் கண்டார், நிலையாமையை உணர்ந்தார், துறவு பூண்டார். கண்டோர் பலர், கண்டறிந்தவர் ஒருவர்.

இன்று நம் இல்லங்களில் ஓடும் ஆட்டமும் இடையறாது ஓடுவது. ஒன்று முடியுமுன் மற்றொன்று வந்து நிற்கிறது. மாதக் கட்டணம் நம்மைக் கேளாமலேயே வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது. பிரமாதம் என்று ஆகமம் கூறும் கவனமின்மையே அவ்வேற்பாட்டின் உயிர்நாடி. கட்டண உயர்வு அறிவிப்பு ஒன்றே அவ்வோட்டத்தில் நேரும் சிறு முறிவு. அக்கணத்தில், "இது எனக்கு எதற்கு? எவ்வளவு வேண்டும்? எத்துணை நாளுக்கு?" என்று கேட்பவனுக்கு அது நிமித்தமாகிறது. கேளாதவனுக்கு அது வெறும் செலவே.

அக்கேள்விக்கு விடை கூறும் முறையையும் முன்னோர் வகுத்தே சென்றனர். வாழ்நாள் முழுதும் விடுவது யமம். கால அளவோடு விடுவது நியமம். ஒருநாள், ஒரு பக்கம், ஒரு மாதம், இரு மாதப் பருவம், அரையாண்டு என்று நியமத்திற்குக் கால அளவு கூறிய சமந்தபத்திர சுவாமிகள், விடத்தக்கவற்றின் வரிசையில் இசையையும் பாட்டையும் வைத்துள்ளார். நிறுவனம் மாதக் கணக்கில் விற்கிறது. சிராவகனும் மாதக் கணக்கில் வரம்பு வகுக்கலாம்.

இவற்றையெல்லாம் மகனிடம் கூறினேன். அவன் மறுமொழி கூறவில்லை. ஆயினும் அவ்வாரமே, உயர்ந்த கட்டணத்தைச் செலுத்திச் சேவையை மீண்டும் பெற்றான். மருமகளின் தந்தையார் முகத்தில் ஒளி திரும்பிற்று. அதன்பின் வந்த தசலட்சண பருவத்தில், அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கும் அதே செப்டம்பர் மாதத்தில், பத்து நாளும் திரைமுன் அமர்வதில்லை, புள்ளி நிலவரம் பார்ப்பதில்லை என்று ஜினபிம்பத்தின்முன் நியமம் ஏற்றான். நான் அப்போது ஊர் திரும்பியிருந்தேன். பதினோராம் நாள் தொலைபேசியில் அழைத்தவன், "முதல் மூன்று நாள் கை தானாகவே கைப்பேசிக்குப் போயிற்று, அப்பா. பிறகு ஒருநாள் ஆட்டம் நடந்ததே எனக்கு நினைவில்லை" என்றான்.

பணம் கட்டியாயிற்று; அடுத்த அறையில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் மட்டும் எழுந்து சென்றான். அவன் முதலில் கேட்ட கேள்விக்கு விடை அதுவே. வருகின்ற தசலட்சண பருவத்தில் நாமும், அறிவிப்பு ஏதும் வருமுன்னரே, நம் அளவை நாமே வகுத்துக்கொள்வோமாக.

அறம் வளர்க.