ஊற்றண்டைக்குப் போன தீர்க்கதரிசி

வேதபகுதி: 2 இராஜாக்கள் 2:19-22

 

எரிகோ பேரீச்ச மரங்களின் பட்டணம். பார்க்க அழகான ஊர். ஆனாலும் அந்த ஊர் ஜனங்கள் எலிசாவிடம் வந்து, ஊர் நல்லாத்தான் இருக்கு, தண்ணீர்தான் கெட்டுப்போச்சு என்று முறையிட்டார்கள். நம்முடைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலைமையும் இதுதானே! மலை உண்டு, மாந்தோப்பு உண்டு. ஆனால் பூமிக்கு அடியில் பாறையில் இருக்கிற ஃப்ளூரைடு தண்ணீரில் கரைந்து, போர் வழியாய் நம் வீட்டுக் குடத்துக்கு வந்து சேருகிறது. எலிசா செய்ததிலிருந்து நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

1. உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்

ஃப்ளூரைடு கலந்த தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாயிருக்கும். வாசனை இராது. அதனால்தான் ஏமாந்து போகிறோம். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி; வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டின் குடிநீர் அளவு. அதற்கு மேலே போனால் முதலாவது பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு மிகவும் கூடி, வருஷக்கணக்காய்க் குடித்தால் மூட்டு இறுகும், முதுகு விறைக்கும், கால் வளைந்து போகும்.

"நாங்க காய்ச்சித்தானே குடிக்கிறோம் பாஸ்டர்" என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடத்தான் செய்யும்! ஆகையால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உங்கள் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். உண்மையை அறிந்துகொள்வது அவிசுவாசம் அல்ல.

2. யார் செய்த பாவம் என்று கேட்கவில்லை

எரிகோ சாதாரண ஊர் அல்ல. யோசுவா சாபமிட்ட ஊர் (யோசுவா 6:26). எலிசா நினைத்திருந்தால் அந்தப் பழைய கதையைக் கிளறியிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்கவில்லை! பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்றார் நம் ஆண்டவர் (யோவான் 9).

நாம் என்ன செய்கிறோம்? கால் வளைந்த பிள்ளையைப் பார்த்து, தாய் தகப்பன் சாபம் என்கிறோம். பல்லில் கறை இருக்கு என்று சொல்லி, பெண் பார்த்த வீட்டைவிட்டு எழுந்து வருகிறவர்களில் விசுவாசிகளும் உண்டே! வாலிப மகள் ஆராதனையில் கையால் வாயை மூடிக்கொண்டு பாடுகிறாள். அல்லேலூயா சொல்லவும் வாய் திறக்க வெட்கம். தேவ ஜனமே, அது பாவக் கறை அல்ல, தண்ணீர்க் கறை!

3. ஊற்றண்டைக்கே போனார்

எலிசா வீடு வீடாய்ப் போய்க் குடத்தின்மேல் கை வைக்கவில்லை. புதுப் பாத்திரத்தில் உப்பு கேட்டார், தண்ணீர் புறப்படுகிற இடத்துக்கே போனார். கர்த்தர் ஆரோக்கியமாக்கினார். எலிசாவின் ஊற்று என்று ஜனங்கள் அழைக்கிற ஊற்று எரிகோவில் இன்றைக்கும் ஓடுகிறது.

முழங்கால் வலிக்கு ஜெபிச்சுட்டு வீட்டுக்குப் போய் அதே போர் தண்ணீரைக் குடிச்சா எப்படி? கர்த்தர் சுகமாக்குகிறவர், சந்தேகமே இல்லை. ஆனால் முள்ளை உள்ளேயே வைத்துக் காயத்தைக் கட்டலாமா?

ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் திறந்தார்கள். இந்த நோய்க்காகவே காவிரித் தண்ணீர் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது. அது வருகிற நாளில் பிடித்து மூடி வையுங்கள். குடிக்க மாத்திரமல்ல, சோறு பொங்கவும் குழம்பு வைக்கவும் அதுவே வேண்டும். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் கலக்கிறதா என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். போரை விட்டால் வழியில்லை என்கிறவர்கள் கேண்டில் ஃபில்டரை நம்பாதிருங்கள். அது ஃப்ளூரைடைப் பிடிக்காது. ஆர்.ஓ. பிடிக்கும். ஒரு வீட்டால் வாங்க முடியாவிட்டால் நாலு வீடு சேருங்கள்.

சபைக்கு ஒரு வார்த்தை. ஆலய வளாகத்தில் போர் இருந்தால் முதலாவது அதைச் சோதியுங்கள். நல்ல தண்ணீரானால் குழாயைத் தெருப்பக்கம் திருப்பி வையுங்கள். எந்தத் தெருக் குடம் என்று பார்க்க வேண்டாம். நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடமே தாகத்துக்குக் கேட்டவர் அல்லவா!

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, எரிகோவின் தண்ணீரை ஆரோக்கியமாக்கின தேவனே, எங்கள் ஊர்களை நினைத்தருளும். எங்கள் பிள்ளைகளின் எலும்பையும் பல்லையும் காத்தருளும். கறையைக் கண்டு முகம் திருப்பாத இருதயத்தையும், ஊற்றண்டைக்குப் போகிற கால்களையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.