யாருடைய ரத்தம்?

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் பொம்மசந்திரா. அங்கே 2009-இல் தொடங்கிய மஜும்தார் ஷா புற்றுநோய் மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. பார்வைக்கு அதில் பரபரப்பே இருக்காது. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை, ஒரு குழாய். உள்ளே போகும் ஸ்டெம் செல்கள் யாரும் வழி காட்டாமலே எலும்புக்குள் போய்க் குடியேறிவிடும்.

நோயாளியின் பழைய மஜ்ஜையை முன்பே கீமோவால் ஒடுக்கியிருப்பார்கள். இரண்டு மூன்று வாரங்களில் புதியது வேலையைத் தொடங்கும். சாதாரண வேலையா அது? ஆரோக்கியமான மஜ்ஜை விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ரத்த வகையாக இருக்க வேண்டியதில்லை, ஹெச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் பொருந்தினால் போதும். அதனால் 'ஓ' வகைக்காரர் சில மாதங்களில் 'ஏ' வகைக்காரர் ஆகலாம். அக்கா கொடுத்துத் தம்பி பெற்றால், அவன் வெள்ளணுக்களில் பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கும். தலைமுடி வேரோ பழைய ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் அவன் யார்?

13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வைத்த வாதம் இங்கே நன்றாகவே பொருந்துகிறது: 'என்னுடைய உடல்' என்று ஒருவன் பேசினால் உடைமை வேறு, உடையவன் வேறு. ரத்தம் மாறியும் தம்பியின் பெயர், கடன், முன்கோபம் எதுவும் மாறவில்லையே! பௌத்தர் இதற்கு மசியமாட்டார். அந்த உடையவனைத் தனியே காட்டு என்பார். யெகோவாவின் சாட்சிகள் கோடு கிழித்திருக்கும் இடம் இன்னும் விசித்திரம். ரத்தம் ஏற்றிக்கொள்வது அவர்களுக்குப் பாவம். ரத்தத்தைச் செய்யும் மஜ்ஜையை ஏற்பதோ அவரவர் மனசாட்சி.

சைவரும் பௌத்தரும் எதிர்பார்த்திராத ஒரு சாட்சி மருத்துவமனையில் கிடைக்கிறது. 'நம்மவர், அந்நியர்' என்று பிரிப்பதே வெள்ளணுக்களின் தொழில். புது மஜ்ஜையோடு வரும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் சிலசமயம் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமென்று தாக்குகின்றன. குடிவந்தவன் வீட்டுக்காரனையே வெளியாள் என்கிறான். உடலுக்குள் 'நான்' என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதியே இரவல் என்றால், அந்த 'நான்' பிறவிச் சொத்தாக இருக்க முடியாது. உயிர் உண்டா என்ற கேள்வியை இது தொடவில்லை. 'ரத்த சொந்தம்' என்று மார்தட்டுவதைத்தான் கொஞ்சம் அசைக்கிறது.

அந்தத் தாக்குதலை மருந்தால் மாதக்கணக்கில் அடக்குகிறார்கள், ஆனால் முழுக்க அல்ல. ஒளிந்திருக்கும் புற்றுச் செல்களையும் அதே டி செல்கள்தான் அந்நியமென்று கண்டு கொல்கின்றன. ரத்தப்புற்று மறுபடி தலைகாட்டினால், மருந்தைக் குறைத்து அந்தப் பகையைத் தூண்டிவிடுவதும் உண்டு.