இலவசப் பெட்டியில் திருட முடியுமா?

2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹட்சன் என்ற ஊரில், டாட் போல் என்பவர் ஒரு மரப்பெட்டி செய்தார். ஆசிரியையாக இருந்த அம்மாவின் நினைவாக, ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் போன்ற வடிவம். உள்ளே புத்தகங்களை அடுக்கி வீட்டு முன்னால் நட்டு வைத்தார். யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம். 'லிட்டில் ஃப்ரீ லைப்ரரி' தொடங்கியது இப்படித்தான். கார்னகி கட்டிக்கொடுத்த 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களைத் தாண்ட வேண்டும் என்பது ஆரம்ப இலக்கு. போல் 2018இல் இறந்துவிட்டார். பெட்டிகள் இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

பூட்டு, ரெஜிஸ்டர், அபராதம் எதுவும் கிடையாது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலருக்கு 'ஸ்டீவர்ட்' என்று பெயர். மழைத்தண்ணி இறங்காமல் பார்ப்பதும், கிழிந்ததைக் களைவதும், காலியானால் நிரப்புவதும் அவர் வேலை. சம்பளம் இல்லை.

சில நாள் யாராவது வந்து பெட்டியையே வழித்துக்கொண்டு போய்விடுவார்கள், பழைய புத்தகக் கடையில் போட. அதற்காகவே பல ஸ்டீவர்டுகள் புத்தகத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்துகிறார்கள். சரி, இது திருட்டா?

"இலவசம்னு வச்சுட்டு அப்புறம் திருட்டுன்னா எப்படி?" நியாயமான கேள்விதான். கொடுத்தவர் ஏற்கெனவே கைவிட்ட பொருள் அது. எடுத்தவருக்கு அந்தக் காசு நிஜமாகவே தேவைப்பட்டிருக்கலாம். ஸ்டீவர்டுக்கு அநீதி நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நம்ம ஊர் தண்ணீர்ப் பந்தலை யோசித்துப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். டம்ளரைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள், அது அடுத்த ஆளுக்கு. புத்தகப் பெட்டியில் தண்ணீரும் டம்ளரும் ஒன்றேதான். மொத்தமாக எடுத்தால், சாயங்காலம் வந்து கதவைத் திறக்கும் ஒரு பிள்ளைக்கு வெறும் பலகைதான் மிச்சம். அந்தப் பிள்ளையிடம் யாரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் அது புகார் சொல்லவும் முடியாது. உரிமை இல்லாதவருக்கும் அநியாயம் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்போ என்ன பண்றது? என் தொழில் புத்தி உடனே 'ரேட் லிமிட்' என்கிறது: ஆளுக்கு இரண்டு, மேலே ஒரு கேமரா. பெட்டி தப்பிக்கும். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பிள்ளையும் சந்தேகத்துக்குரிய ஆள்தான். முத்திரை பரவாயில்லை, விற்கிற விலையைக் குறைக்கும், யாரையும் உற்றுப் பார்க்காது. மற்றபடி, திரும்ப நிரப்புவதுதான் வழி. அதில் ஸ்டீவர்டுக்கு அலுப்பு வரலாம். ஒருநாள் போதும் என்று நிறுத்தவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த நாள் சீக்கிரம் வருமா, தள்ளிப்போகுமா என்பது, இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுப்போகிற நம் கையிலும் இருக்கிறது.