குர்பானிக் கறியும் ஃபிரிட்ஜும்



2011 டிசம்பர் 30. அன்றும் ஜும்ஆ நாள்தான். காலையில் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பக்ரீத் முடிந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. குர்பானி மாட்டுக்கறி சில வீட்டு ஃபிரீசரில் இன்னும் இருந்தது. மூன்றாம் நாள் ஒருவர் வந்து, "ஹஜ்ரத், கெட்டுப்போவதற்குள் ஏழைகளுக்குக் கொடுத்துவிடட்டுமா?" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். குளிர் கிருமியைக் கொல்லாது, அதன் வேலையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராமல் கிடக்கும், உருகியதும் விழித்துக்கொள்ளும். கீழ்த்தட்டில், 4 டிகிரியில்கூட சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மெதுவாகப் பெருகும். கறியில் பிசுபிசுப்பும் வாடையும் வருவது பெரும்பாலும் அதனால்தான். முழுத்துண்டில் கிருமி மேற்பரப்பில் இருக்கும். கொத்துக்கறியில் உள்ளே வெளியே எல்லாம் கலந்துவிடும். அதனால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். கரண்ட் போனால் மூடிய ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசர், திறக்காமல் இருந்தால், இரண்டு நாள்.

வேட்டைப் பிராணி மூன்று நாள் கழித்துக் கிடைத்தால், நாற்றம் எடுக்காதவரை உண்ணலாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நாறியதை விட்டுவிட வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாடை இல்லை என்பதாலேயே நல்ல கறி ஆகிவிடாது. லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், வாடை காட்டாது, கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்கிறோம். கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சு கொதித்தாலும் போகாது.

குர்பானிக் கறியை மூன்று நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஒரு வருடம் தடை இருந்தது. காரணம் கறி கெடுவதல்ல, அன்று மதீனாவில் இருந்த ஏழைகளின் பசி. மறு வருடம் உண்ணவும், கொடுக்கவும், சேமிக்கவும் அனுமதி வந்தது. நாம் சேமிப்பதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டோம்! ஃபிரீசர் நிரம்பிய பிறகு மிஞ்சியது ஏழைக்குப் போகிறது. அவர் வீட்டில் ஃபிரிட்ஜும் கிடையாது.

அன்று அந்தச் சகோதரரிடம், "உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார். இருவரும் குழி தோண்டிப் புதைத்தோம். இந்தப் பக்ரீதுக்கு முஹல்லாவில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளை முன்கூட்டியே குறித்துத் தாருங்கள். அவர்கள் பங்கு லுஹருக்கு முன்பே, அறுத்த சூட்டோடு போய்ச் சேரட்டும்.