சுருண்ட பாம்பும் நம் அன்பும்

சேலம், நாமக்கல் பகுதிகளில் பாம்பைக் கண்டால் தடியை எடுப்பதே வழக்கம். நிலக்கடலைக் காட்டில் எதிர்ப்படும் பாம்பு நஞ்சுடையதாயினும் அற்றதாயினும் உயிர் தப்புவது அரிது. இத்தகைய ஊரில், கல்லூரியில் பயிலும் நம் உறவினர் மகன் ஒருவன், “பாட்டி, பாம்பை அடித்துக் கொல்பவரைவிட அன்போடு வளர்ப்பவன் மேலானவன் அல்லவா?” என்று வினவினான். அவன் வளர்க்க விரும்பியது ‘பால் பைத்தான்’ எனும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அவ்வினாவை எளிதில் ஒதுக்க நம்மால் இயலவில்லை.

அதன்பால் இளைஞர் கொள்ளும் ஈர்ப்புக்குக் காரணங்கள் உண்டு. அதற்கு நஞ்சு இல்லை. மூன்று முதல் ஐந்து அடி நீளமே வளரும், கடிப்பது அரிது, ஓசை எழுப்பாது. வாரம் ஒருமுறையோ இருமுறை வாரம் கடந்தோ ஓர் இரை போதும். இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். கண்ணைக் கவரும் நிறங்கள் பலவற்றில் கிடைக்கிறது. கையில் ஏந்தினால் பந்துபோல் சுருண்டு கொள்ளும். அதன் பெயர்க் காரணமும் அதுவே.

ஆனால் அது ஏன் சுருள்கிறது? அச்சத்தால். தலையை நடுவில் மறைத்து, உடலையே அரணாக்கிக் கொள்கிறது. பகைவரைக் கண்டு கானகத்தில் செய்வதையே நம் உள்ளங்கையிலும் செய்கிறது. அவ்வச்சத்திற்குச் ‘சாது’ எனப் பெயரிட்டு நாம் மகிழ்கிறோம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், உய்தா நகரில் இப்பாம்புக்குக் கோயிலே உண்டு. அதே நாட்டிலிருந்துதான் இவை வணிகப் பொருளாகக் கப்பலேறுகின்றன. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த கேட்பாரற்ற பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் கண்டெடுக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. நிறத்துக்காகவே பெருக்கப்படும் ‘ஸ்பைடர்’ வகைக்குப் பிறவியிலேயே தலை தள்ளாடும் நரம்புக் குறை உண்டு. அக்குறையும் அழகோடு சேர்த்தே விற்கப்படுகிறது.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கொல்லாதவனும் விரதத்தில் வழுவக்கூடும் என்பதே இதன் கருத்து. அவ்வைந்தனுள் முதலில் நிற்பது கட்டுதல். மேலும், அப்பாம்பு ஊன் அன்றி வேறொன்றும் உண்ணாது. ஓர் உயிரைப் பேண, முப்பது ஆண்டுகள் எத்தனை எலிகளை நம் கையால் இரையாக்குவது?

“பசுவைக் கட்டுகிறோமே, நாமக்கல்லில் கோழிகள் கூண்டில் இருக்கின்றனவே?” என்று அவன் மீண்டும் கேட்டான். உண்மையே. கூண்டுகளுக்கு நடுவே வாழ்ந்து நம் கண்கள் பழகிவிட்டன. பசுவைக் கட்டும் இல்லத்தார் கயிற்றைத் தளர்த்தியும் வயிறாரத் தீவனமிட்டும் தம் குற்றத்தைக் குறைக்கக் கடமைப்பட்டோர். ஆயினும், பழைய கூண்டு ஒன்று இருப்பது புதிய கூண்டு செய்யக் காரணமாகாது.

திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரை வணங்கும் நமக்குப் பாம்பு அயலான உயிர் அன்று. பார்சுவநாதர் இளவரசராயிருந்தபோது, தவசி ஒருவன் தீக்கெனக் கொண்ட கட்டைக்குள் நாகங்கள் இரண்டு துன்புறுவதை அறிந்து இரங்கினார். உயிர் பிரியும் வேளையில் அவற்றிற்கு அறம் உரைத்தார். அவை தரணேந்திரனும் பத்மாவதியுமாய்ப் பிறந்தன. இளவரசருக்கு அரண்மனை இருந்தது, பாம்பை வைத்து மகிழ வசதியும் இருந்தது. அவர் அளித்ததோ கருணை மட்டுமே. பின்னர்த் தவத்தில் நின்ற பெருமானுக்குத் தரணேந்திரன் படம் விரித்ததும் தானாக வந்தே அன்றோ!

ஆகவே அவனிடம் நாம் கூறியது இது: “உன் இரக்கம் மெய்யானது; அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்காதே. நம் காட்டில் எலி பிடிக்கும் சாரைப் பாம்பை அடிக்க ஓங்கும் கையைத் தடுத்து நிறுத்து. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ சொல்லி அனுப்பு.” அவன் இன்னும் விடை கூறவில்லை. அஞ்சிச் சுருண்ட உயிர் தலைநீட்டித் தன் வழியே செல்லும்வரை விலகி நிற்பதும் அன்பே என்பதை அவனோடு நாமும் சிந்திப்போமாக.