முதலில் நீர், பிறகு செடி, அதன் பின்பே உயிர்



படைப்பின் காலத்தைத் தொடங்கும் இந்த ஞாயிறன்று, தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். மூன்றாம் நாளில் செடிகொடிகள் முளைத்தன. நீரில் நீந்தும் உயிர்கள் வந்ததோ ஐந்தாம் நாளில். உயிருக்கு இடமும் உணவும் ஆயத்தமாகும்வரை கடவுளே பொறுத்திருந்தார்.

நம் மறைக்கல்வி வகுப்பறையில் செர்ரி இறால் வளர்க்க ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறோம். தைவான், கிழக்குச் சீனப் பகுதி நன்னீர் ஓடைகளைச் சேர்ந்த இனம் அது. 3 சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. மணல் பரப்பி, நீர் நிரப்பி, ஜாவா மாஸ் என்னும் பாசியைக் கல்லில் கட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, இறாலே இல்லாமல் வாரக்கணக்கில் விட்டிருந்தோம். “ஃபாதர், வெறும் தண்ணிக்கு எதுக்கு ஃபில்டர்?” என்றாள் ஒரு சிறுமி. நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா அங்கே முதலில் குடியேற வேண்டும். இறாலின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியா என்னும் நஞ்சாகின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே இறாலால் தாங்க முடியும். அதையும் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. இந்தச் சுழற்சி அமைய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை, பாக்டீரியா பெருகுவதற்காகச் சிறிதளவு தீனி மட்டும் போட்டுவந்தோம்.

இப்போது இறால்கள் இலைகளில் படிந்திருப்பதை நாளெல்லாம் மேய்கின்றன. இவை பட்டினியால் சாவது அரிது. அளவுக்கு மீறிய தீனியாலும், தண்ணீரை ஒரேயடியாக மாற்றுவதாலும்தான் அதிகம் சாகின்றன. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கி, மெல்ல ஊற்றினால் போதும். மீனின் நோய்க்குப் போடும் சில மருந்துகளில் செம்பு உண்டு. மீனைக் காப்பாற்றும் அதே மருந்து இறாலைக் கொன்றுவிடும்.

இறால் வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். புது ஓடு இறுகும்வரை உடல் மிருதுவாக இருப்பதால் மாஸுக்குள் ஒளிந்துகொள்ளும். அப்போது குச்சியால் கிளறக் கூடாது. ஓடு மாற்றிய அந்த வேளையில்தான் பெண் இறால் இணைசேரும். பிறகு 20, 30 முட்டைகளை வயிற்றடியில் சுமந்து, நீந்துகால்களால் ஓயாமல் விசிறியபடி, ஏறக்குறைய ஒரு மாதம் காக்கும். அதில் நாம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

அன்புக்குரிய பெற்றோரே, உங்கள் வீட்டில் 15 வயதுப் பிள்ளை, ஓடு மாற்றும் இறாலைப் போல, பேச்சைக் குறைத்துத் தனியே ஒதுங்குகிறானா? பக்கத்தில் இருங்கள். சாப்பிட்டானா, தூங்கினானா என்று பாருங்கள். ஆனால் கேள்விமேல் கேள்வி கேட்டுக் கிளறாதீர்கள். நம் ஆண்டவரும் ஏறக்குறைய 30 வயதுவரை நாசரேத்தில் வெளியுலகுக்குத் தெரியாமல்தான் வாழ்ந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருமணமாகி வந்த மறுமாதமே மருமகளிடம் “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்கிறோம். ஆசையில் கேட்பதாகவே இருக்கட்டும். வருடங்கள் போகப்போக அந்தக் கேள்வி எத்தனை பெண்களை அழவைத்திருக்கிறது என்பது பாவசங்கீர்த்தனம் கேட்கும் எந்தக் குருவுக்கும் தெரியும். இறாலுக்குத் தொட்டி ஆயத்தமானது போல, மருமகளுக்கு முதலில் வீடு பழகட்டும். சமையலறையில் ஒரு டப்பாவை இடம் மாற்றிவைக்கும் உரிமையாவது வரட்டும். மாமியார்மாரே, சொந்தபந்தங்களே, அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள்.